துரை கொடுத்த குண்டான்

பிலாய்
ஜனவரி 22

என் ஆதிக்கு,

தனம் அத்தை எழுதுகிறேன். இங்கே குளிரும் குறையவில்லை, என் முட்டி வலியும் குறையவில்லை. வேறு குறை ஒன்றும் இல்லை. உன் அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? அருணகிரி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறானா? இல்லையென்றால் தம்பி என்று பார்க்காமல் ரயிலேறி வந்து உதைப்பேன் என்று சொல்.

என் காது சுத்தமாகப் போய்விட்டது. போனில் நான் கத்துவது தெருவுக்கே கேட்கிறது. நீங்கள் பேசுவது எனக்குக் கேட்பதில்லை. "எல்லாத்தையும் என் போனுக்கு அனுப்பச் சொல்லும்மா, நான் எழுதிக் காட்டறேன்" என்கிறாள் சிந்துஜா. உனக்கும் எனக்கும் நடுவில் அவள் எதற்கு? நீ கடிதமே போடு.

அவளுக்கு வரன் முடிந்துவிட்டது. பையன் வீடு வேலூர். கல்யாணம் வைகாசியில், நம் ஊரில்தான். சம்பந்தி பலராமன் நல்ல மனுஷர், ஆனால் வீடு முழுக்கப் பழைய சாமான். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "இது ஜெர்மன் கம்பெனி, எங்க தாத்தா வாங்கினது" என்கிறார். நாற்காலியைக் காட்டி அதைச் செய்த ஆசாரியின் பெயர் சொல்கிறார். நானும் விடவில்லை. எங்கள் வீட்டிலும் துரை கொடுத்த பீங்கான் குண்டான் இருக்கிறது, எங்கள் கொள்ளுத்தாத்தா கிணற்றில் விழுந்த துரை மகனைக் காப்பாற்றியதற்காகத் துரை தன் கையால் கொடுத்தது, எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அதில்தான் மஞ்சள் தண்ணீர் ஊற்றி மோதிரம் போட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் துழாவி எடுப்பார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டேன். உடனே அவர் கேட்டார், "அப்படிங்களா! யார் செஞ்சதுங்க, எந்தக் கம்பெனி?"

வாயசைவிலேயே புரிந்துவிட்டது. ஆனாலும் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அதற்காவது என் காது உதவியது.

நீ படித்தவள். எதையும் தேடிப் பிடித்துவிடுவாய். அது யார் செய்தது, என்ன ஏது என்று பார்த்து எழுது. அவர்கள் முன்னால் சிந்துஜா தலை குனியக் கூடாது. பொங்கலன்று அதில் பாயசம் ஊற்றி அருணகிரி அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். பளிச்சென்று இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி கண் கெடப் படிக்காதே.

அத்தை தனம்


அடி அண்ணாமலை
பிப்ரவரி 4

அன்புள்ள அத்தைக்கு,

ஆதி வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உதைக்கும் செய்தியை அப்பாவிடம் சொன்னேன். இப்போது மாத்திரையை எங்கள் கண் முன்னால் விழுங்கி வாயைத் திறந்து காட்டுகிறார். உங்கள் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். சிந்துஜாவுக்கு என் வாழ்த்து.

ஞாயிற்றுக்கிழமை குண்டானைப் பரணிலிருந்து இறக்கினேன். அடியில் என்ன இருக்கிறது என்று நம் வீட்டில் யாருமே பார்த்ததில்லை போலிருக்கிறது. கவிழ்க்கப் போனதும் அப்பா ஓடி வந்தார்.

"கவுக்காத, கவுக்காத! வீட்டு லட்சுமி அது."

"லட்சுமி உள்ளதான் இருக்குறாளா?" என்றாள் அம்மா. "உன் கடை யாவாரத்தப் பாத்தா அப்டித் தெரியலியே."

அப்பா கோபித்துக்கொண்டு கடைக்குப் போனபிறகு கவிழ்த்தேன். அடி முழுக்க மஞ்சளும் குங்குமமும் கட்டிக் கிடந்தன. ஊறவைத்துத் துணியால் துடைத்துத் துடைத்து எடுத்ததில் நீல மையில் ஒரு முத்திரை வந்தது. வைர வடிவம். உச்சியில் ஒரு வட்டம், அதற்குள் ரோமன் எழுத்தில் நான்கு. மூலைகளில் எழுத்தும் எண்ணும். அதன் கீழே ஒரு கயிற்று முடிச்சு, முடிச்சின் இரண்டு வளையங்களுக்குள் எச், பி என்று இரண்டு எழுத்து.

அத்தை, இது ஒரு தனி மொழி. விக்டோரியா ராணி காலத்தில் ஒரு புது வடிவத்தை வேறு யாரும் காப்பியடிக்கக் கூடாது என்று பதிவு செய்து, அதன் அடையாளமாக இந்த வைரத்தைப் பதிப்பார்களாம். நான்கு என்றால் மண்ணால் ஆன பொருள். நம் குண்டானில் வலது மூலையில் எஸ் இருக்கிறது. அப்படியென்றால் பதிவான ஆண்டு 1875. எச்.பி. யார் என்பதுதான் சிக்கல். கயிற்று முடிச்சு இங்கிலாந்தில் பீங்கான் செய்யும் ஒரு வட்டாரத்தின் அடையாளமாம், அந்த இரண்டு எழுத்தில் அங்கே பல பேர் தொழில் செய்திருக்கிறார்கள். இடது மூலையில் உள்ள எண்ணைப் பழைய பதிவோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பழைய பீங்கான் சேகரிப்பவர்களின் குழு ஒன்று இணையத்தில் இருக்கிறது. போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறேன்.

வெகு நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருக்கிறேன். வேங்கிக்கால் ஆபீஸில் பட்டா மனுக்களைத் தட்டச்சு செய்யும்போதுகூட எச்.பி., எச்.பி. என்றே மனசுக்குள் ஓடுகிறது. கைப்பிடியையும் சங்குப்பூ மாதிரி வளைந்து போகும் அந்த நீலக் கொடியையும் பார்த்தால் செய்தவர் நல்ல ரசிகர் என்று தோன்றுகிறது.

விவரம் கிடைத்ததும் எழுதுகிறேன்.

உங்கள் ஆதிலட்சுமி


பிலாய்
பிப்ரவரி 13

என் ஆதிக்கு,

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். இங்கே நான் சுகம். பக்கத்து வீட்டு ஒடியாக்காரி தைலம் கொடுத்தாள், முட்டிக்குத் தேவலை.

சிந்துஜாவிடம் வைரம், முடிச்சு எல்லாம் சொன்னேன். குதிக்கிறாள். மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, குண்டானை வைத்து, பக்கத்தில் ஒரு அட்டையில் யார் செய்தது, எந்த வருஷம் என்று எழுதி வைக்கப் போகிறாளாம்.

இன்னொன்று. பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே "ஓய்வுபெற்ற செவிலியர்" என்று போடப்போவதாக உன் அப்பா அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். அதெல்லாம் எதற்கு? பெயர் மட்டும் போதும் என்று சொல். மறக்காமல் சொல்.

அது எந்த உபயோகத்துக்குச் செய்தது என்பதையும் கண்டுபிடி. குழம்பு ஊற்றவா, சூப்பு ஊற்றவா? துரைமார் சூப்பு குடிப்பார்கள் இல்லையா? சூப்பு கிண்ணமாகத்தான் இருக்கும்.

அத்தை தனம்


அடி அண்ணாமலை
பிப்ரவரி 25
(அனுப்பாதது)

அத்தை,

கண்டுபிடித்துவிட்டேன். எச்.பி. என்றால் ஹாலம் பிரதர்ஸ். ஊர் பர்ஸ்லெம். இங்கிலாந்தில் ஒரு அம்மா பதில் எழுதியிருந்தார். "மிக நல்ல நிலையில் இருக்கிறது, பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்" என்று பாராட்டி, அந்தக் கம்பெனியின் பழைய விலைப்பட்டியலிலிருந்து ஒரு படமும் அனுப்பியிருந்தார். படத்தில் முகம் கழுவும் பேசின், தண்ணீர்க் கூஜா, சோப்புக் கிண்ணம், கடைசியில் நம் குண்டான். அதே ஒற்றைக் கைப்பிடி, அதே மடித்த விளிம்பு, அதே கொடி. இரவில் எழுந்து வெளியே போக வேண்டாம் என்று கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்வது. காலையில் வேலைக்காரன் எடுத்துப் போய்க் கொட்டிக் கழுவி வைப்பான்.

மூத்திரக் குண்டான், அத்தை. மூத்திரம் மட்டும்கூட இல்லை.

"இப்போது எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று அந்த அம்மா கேட்டிருந்தார். பூ வைக்கிறோம் என்று எழுதிவிட்டேன்.

இந்தப் பொங்கலுக்கும் அதிலிருந்து ஒரு கரண்டி பாயசம் வாங்கிக் குடித்தேன். முதலில் எழுந்துபோய் வாய் கொப்பளித்தேன். அதற்குப் பிறகுதான் வேறொன்று தோன்றியது. கிணறு, துரை மகன், தன் கையால் கொடுத்தார் என்பதெல்லாம் எப்படி உண்மையாக இருக்கும்? தன் கட்டிலடிப் பாத்திரத்தை ஒரு துரை யாருக்குப் பரிசாகக் கொடுப்பான்? அதைத் தினமும் கையால் எடுத்தவரிடம்தான் அது தங்கியிருக்கும். வாசலில் "ராஜமாணிக்கம் இல்லம்" என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறோமே, அந்த ராஜமாணிக்கம், உங்கள் கொள்ளுத்தாத்தா, துரை பங்களாவில் என்ன வேலை பார்த்தார் என்று எனக்கு இப்போது தெரியும்.

நம் தெருவில் குப்பை எடுக்க வரும் அன்புச்செல்வி அக்காவுக்கு அம்மா டீ கொடுப்பாள். தனி டம்ளரில். அதைக் கழுவி, மற்ற டம்ளர்களோடு சேராமல் குழாயடிக் கட்டையில் கவிழ்த்து வைப்பது நான்தான். எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். ஒரு நாளும் அந்த டம்ளரை எடுத்து உள்ளே வைத்ததில்லை.

நேற்று குண்டானைக் கிணற்று மேட்டுக்கு எடுத்துப் போனேன், போட்டு உடைத்துவிடலாம் என்று. கை வரவில்லை. திரும்பக் கொண்டுவந்து பரணில் வைத்தேன்.

எழுதியதைப் படித்துப் பார்க்கிறேன். இதை அனுப்ப மாட்டேன்.


அடி அண்ணாமலை
மார்ச் 3

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கு மூவரும் நலம். தைலம் தீர்ந்துவிட்டால் எழுதுங்கள், இங்கிருந்து அனுப்புகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள். ஆபீஸில் ஆண்டு முடிவு வேலை.

குண்டானைச் செய்தவர்கள் ஹாலம் பிரதர்ஸ், பர்ஸ்லெம், இங்கிலாந்து. வடிவம் பதிவான ஆண்டு 1875. கூஜா, பேசின் என்று ஒரு தொகுப்பாக விற்றிருக்கிறார்கள். அதில் இது ஒன்று. அவ்வளவுதான் கிடைத்தது.

அட்டை எல்லாம் வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய பொருள், கூட்டத்தில் யாராவது தட்டிவிடுவார்கள். மோதிரம் எடுக்கப் பித்தளைக் குடம்தான் அழகு. அம்மாவிடம் நல்லதாக ஒன்று இருக்கிறது.

பத்திரிகை பற்றி அப்பாவிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரில இருந்தவள ஆஸ்பத்திரில இருந்தான்னு போடறதுக்கு என்னா கூச்சம்?" என்று சிரிக்கிறார்.

உங்கள் ஆதிலட்சுமி


பிலாய்
மார்ச் 14

என் ஆதிக்கு,

சுகம். நீயும் சுகம்தானே? கடிதம் சின்னதாக இருந்ததால் கேட்கிறேன்.

ஹாலம் பிரதர்ஸ் என்று சம்பந்திக்குச் செய்தி போய்விட்டது. அவருடைய தம்பி இங்கிலாந்தில் டாக்டர், கல்யாணத்துக்கு வருகிறார். அவருக்கு இந்த மாதிரிச் சாமானில் ரொம்ப ஆசையாம். அதைப் பார்க்கத்தான் முதலில் மண்டபத்துக்கு வருவேன் என்றிருக்கிறார்.

சிந்துஜா அட்டைக்கு எழுதிவிட்டாள். ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறாள். இது எதற்குப் பயன்பட்டது என்று. நீ அதை எழுதவில்லை. நான் கேட்டிருந்தேன்.

தெரிந்தால் எழுது, கண்ணு. எதுவாக இருந்தாலும் எனக்கு மட்டும் எழுது.

அத்தை தனம்


அடி அண்ணாமலை
ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குண்டான் உடைந்துவிட்டது.

பவுர்ணமிக்கு மறுநாள். கிரிவலக் கூட்டத்துக்கு மோர் விற்று அப்பா களைத்துப் படுத்திருந்தார், அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். கல்யாணத்துக்காகக் கழுவி வைக்கலாம் என்று எடுத்தேன். கையில் சோப்பு. குழாயடியில் வழுக்கி, முதலில் கைப்பிடி போனது, பிறகு முழுதும். ஒட்ட முடியாத அளவுக்குத் தூள். துண்டுகளை அப்பா பார்க்கக் கூடாது என்று உடனே அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டேன். என் கையில் எதுவும் வெட்டவில்லை.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "போனது போவட்டும், சாப்புடு" என்றார்.

என்னை மன்னித்துவிடுங்கள். சிந்துஜாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆதிலட்சுமி


பிலாய்
ஏப்ரல் 11

ஆதிக்கு,

கடிதம் கிடைத்தது. கையில் காயமில்லை என்றாயே, அது போதும். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

சிந்துஜா அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதனால என்னம்மா, கம்பெனி பேரு, வருஷம் எல்லாம்தான் ஆதி கண்டுபிடிச்சுக் குடுத்துட்டாளே. அதே மாதிரி வேற ஒண்ணு எங்கியாவது விக்கும், தேடி வாங்கிடலாம்" என்றாள். போனோடு உட்கார்ந்திருக்கிறாள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தனம்


பிலாய்
மே 9

ஆதிக்கு,

நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டுகிறேன்.

சிந்துஜா கண்டுபிடித்துவிட்டாள். போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதே பூ, அதே கைப்பிடி. கீழே இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். எழுதும்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

நான் அதிர்ச்சி அடைந்துவிட்டேன் என்று நினைத்தாள். இல்லை, ஆதி. எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும்.

உன் அப்பன் ஊரெல்லாம் நர்ஸ் என்று சொல்லிவைத்திருக்கிறானே, நான் நர்ஸ் இல்லை. வார்டு ஆயா. கல்யாணமாகி இங்கே வந்த மறுவருஷம் சேர்ந்து, ஓய்வு பெறுகிற வரைக்கும் படுக்கையில் கிடக்கிறவர்களுக்குச் சட்டி வைத்தேன், எடுத்தேன், கொட்டினேன், கழுவினேன். முதல் நாள் ஒரு கிழவிக்குப் பீங்கான் சட்டி எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். மடித்த விளிம்பு, ஒற்றைக் கைப்பிடி. கையில் வாங்கியதுமே, இது நம் வீட்டுக் குண்டான் ஆயிற்றே என்று பட்டது. அந்த வருஷப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது பாயசத்தை வாங்கி, யாருக்கும் தெரியாமல் மாட்டுத் தொட்டியில் ஊற்றினேன்.

அப்புறம் எனக்கு நானே, வெள்ளைக்காரன் எல்லாச் சட்டியையும் ஒரே மாதிரிதான் செய்வான், இது சூப்பு சட்டி என்று சொல்லிக்கொண்டேன். சம்பந்தி கேட்டபோது எனக்கு ஒரு ஆசை வந்தது. நீ எல்லாவற்றையும் தேடிப் படிக்கிறவள். நீ பார்த்து, "அத்தை, இது சூப்பு ஊற்றுவதுதான்" என்று எழுதிவிட்டால் என் மனசில் இருக்கிற முள் எடுபட்டுவிடும் என்று நினைத்தேன். நீ கம்பெனி பெயரை மட்டும் எழுதியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு தடவை கேட்டேன். எனக்கு மட்டும் எழுது என்று கேட்டேன்.

வாசல் கல்லில் இருக்கிற பெயரும் கொள்ளுத்தாத்தாவுடையது இல்லை. முன்னால் பிறந்ததெல்லாம் செத்துப்போனதால் இதையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று அவருக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார்கள். வீடு கட்டியபோது உன் அப்பன்தான் ராஜமாணிக்கம் ஆக்கினான். நானும் சரி என்றேன். நர்ஸ் என்றபோதும் சரி என்றேன்.

உன்னை ஒன்று கேட்கிறேன். அந்தச் சட்டி உனக்கு அசிங்கமாக இருந்ததா, அதை எடுத்தவரா? எடுத்தவர் என்றால், என் கையால் உனக்கு எத்தனை தடவை சோறு ஊட்டியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்.

அது உடைந்ததா, உடைத்தாயா?

தனம்


அடி அண்ணாமலை
மே 20

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. இங்கே எல்லோரும் உடம்பால் நலம்.

உடையவும் இல்லை, உடைக்கவும் இல்லை. ஆபீஸில் என் மேசைக்குப் பின்னால் இருக்கும் இரும்பு பீரோவில், பழைய கோப்புகளுக்குப் பின்னால், துண்டில் சுற்றி வைத்திருந்தேன். நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சோப்பு, வழுக்கல், கைப்பிடி எல்லாம் நானே உட்கார்ந்து கற்பனை செய்தது.

உங்கள் கேள்விக்கு உண்மையான பதில், எடுத்தவர்தான். பாத்திரத்தைக் கழுவிவிடலாம். நாம் யார் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டு வந்ததைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்போது எனக்கு உங்கள் வேலை தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவரே குண்டானைக் கவிழ்த்து அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தார்.

"அப்ப நாம பொங்கலுக்குப் பொங்கல் அதுலதான்..."

"ஆமாம்ப்பா."

"நீயும் குடிச்சியே."

"எல்லாரும்தான் குடிச்சோம்."

"கழுவித்தான வெச்சிருப்பாங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"தனத்துக்கு எழுதிடாத, அவ தாங்க மாட்டா" என்றார் அப்பா. உங்களுக்கு எங்கள் எல்லோருக்கும் முன்பே தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்பதையும் சொன்னேன். அச்சடித்து வந்த பத்திரிகைக் கட்டு மேசைமேல் இருந்தது. அதில் உங்கள் பெயருக்குக் கீழே செவிலியர் என்றிருந்தது. அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் நல்லதுக்குத்தான் போட்டேன்" என்றார். பிறகு ஒரு சின்னப் பிள்ளை மாதிரி, "வார்டுல அவளுக்குக் கஷ்டமா இருந்துச்சாமா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்பது முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அத்தை, கல்யாணத்தன்று குண்டானை மண்டபத்துக்கு நானே கொண்டு வருகிறேன். நானே மேசைமேல் வைக்கிறேன். யார் என்ன கேட்டாலும் நானே சொல்கிறேன், என்ன பாத்திரம் என்று, யார் எடுத்தார் என்று. இந்த ஒன்றையாவது சரியாகச் செய்ய விடுங்கள்.

உங்கள் வருகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்
ஆதிலட்சுமி


பிலாய்
ஜூன் 21

என் ஆதிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். சிந்துஜாவும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். உன் அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம் நாக்பூர் வரை வந்தது.

மண்டபத்தில் உன்னோடு தனியாகப் பேச முடியவில்லை. பேசியிருந்தாலும் நான் கத்துவது மண்டபத்துக்கே கேட்டிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

பலராமனின் தம்பி உன்னிடம் வந்தார். நான் நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். காது போனபிறகு எனக்கு உதடு படிக்க வருகிறது. "எங்கம்மா அந்தப் பீங்கான்? எங்க அண்ணன் அதே பேச்சா இருக்காரு" என்றார். உன் காலுக்கு நடுவில் மஞ்சள் பை இருந்தது. துண்டு வெளியே தெரிந்தது. நீ பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினாய். "உடைஞ்சிடுச்சுங்க சார்" என்றாய்.

அவர் உடனே என் பக்கம் திரும்பி, "அப்டிங்களாம்மா?" என்று கேட்டார். நான் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். அவர் பாவம், சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஆதி, நீ அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. உன்னைத் திட்ட எழுதவில்லை. அந்த நிம்மதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அவ்வளவு பெரிய கடிதம் எழுதி உன்னைக் கேள்வி கேட்டவள், நீ உண்மையைச் சொல்லிவிடுவாயோ என்று அங்கே பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பித்தளைக் குடத்திலிருந்து சிந்துஜா மோதிரத்தை எடுத்துத் தூக்கிக் காட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

அதனால்தான் கிளம்பும்போது பையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ரயிலில் மடியிலேயே வைத்திருந்தேன். எதிர் சீட்டுக்காரி, "பிரசாதமா?" என்று கேட்டாள். தலையாட்டிவிட்டேன். பார், மறுபடியும்.

இங்கே அதை அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன். இட்லிக்கு அரிசி ஊறப்போடுகிறேன். யாராவது என்னவென்று கேட்டால் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். குண்டானும் வரும். பாயசம் அதில்தான். அருணகிரி குடிக்க மாட்டான். நான் குடிப்பதாக இருக்கிறேன். நீ?

அத்தை தனம்


அடி அண்ணாமலை
ஆகஸ்ட் 16

அன்புள்ள அத்தைக்கு,

ஆதி எழுதுகிறேன். அம்மா, அப்பா இருவரும் சுகம். வாசல் கல்லில் இருக்கும் பெயரைச் செதுக்கி மாற்ற என்ன ஆகும் என்று அப்பா ஒருவரிடம் விசாரித்தார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் காரணம் இருக்கிறது. குடிப்பேன் என்று ஒரு வரி எழுதுவது சுலபம். மண்டபத்துக்கு முன்னால் உங்களுக்கு எழுதிய வரிகளும் சுலபமாகத்தான் வந்தன. அதனால் எழுதுவதற்கு முன்னால் ஏதாவது ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று காத்திருந்தேன்.

போன வாரம் அன்புச்செல்வி அக்கா குப்பை வண்டியோடு வந்தபோது அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பற்றி உங்களுக்கு எழுதியிருந்தேன், ஆனால் அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. நம் வீட்டில் அவருக்கு ஒரு தனி டம்ளர் உண்டு. நான் அதை விட்டுவிட்டு, நான் குடிக்கும் டம்ளரில் டீ ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பெயர் வெட்டிய டம்ளர், பள்ளிக்கூடத்தில் பரிசாக வந்தது. அவர் கையில் வாங்கியதும் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் பெயரைப் பார்த்தார். வண்டியில் தொங்கிய தன் பாட்டிலைத் திறந்து டீயை அதில் ஊற்றிக்கொண்டு, டம்ளரை என்னிடமே நீட்டினார்.

"எதுக்கு கண்ணு? உங்கம்மாக்குத் தெரிஞ்சா உன்னத்தான் ஏசும்" என்றார். கோபமாக இல்லை. எனக்காகப் பயந்து சொன்னார்.

வண்டி தெருமுனை திரும்பும் வரை டம்ளரோடு வாசலில் நின்றேன். அம்மா குளித்து வரும் சத்தம் கேட்டதும் அவசரமாக உள்ளே ஓடி அதைக் கழுவி வைத்துவிட்டேன். கழுவி முடித்தபிறகுதான், எதற்காக ஓடினேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

மறுநாளும் அதே டம்ளரில் கொடுத்தேன். மறுநாளும் அவர் பாட்டிலில்தான் ஊற்றிக்கொண்டார்.

பொங்கலுக்கு வாருங்கள் அத்தை. குடிப்பேன் என்று இப்போது எழுத மாட்டேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். முதல் கரண்டியை எனக்கு ஊற்றிவிட்டு என் முகத்தைப் பாருங்கள். உங்களுக்குத்தான் உதடு படிக்க வருமே.

முட்டிக்குத் தைலம் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் ஆதிலட்சுமி